பட்டச் சுருளா, பழகிய கையா?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் வீடுகளில் அடுப்படியிலும் அஞ்சடியிலும் ஒரே பேச்சுத்தான். பையனை மேற்கொண்டு படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்பிவிடுவதா? மகளைக் கல்லூரியில் சேர்ப்பதா, பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கிறார்களாமே, அங்கே அனுப்புவதா? தகப்பனார் ஒன்று சொல்வார். தாயார் ஒன்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் தாய்மாமன் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லிக் குழப்பிவிட்டுப் போவார். படிக்கப் போகிற பிள்ளையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

"பட்டம் இல்லாதவனை இந்தக் காலத்தில் யார் மதிக்கிறார்கள்?" என்பார் ஒருவர். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, கையில் ஒரு தொழில் இருந்தால் காலத்துக்கும் கஞ்சி உண்டு" என்பார் மற்றொருவர். வாசக அன்பர்களே, இருவரையும் உடனே நம்பிவிடாதீர்கள். இருவருமே தங்கள் வீட்டுக் கதை ஒன்றை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிறவர்கள். எந்தத் தொழில், எப்படிப்பட்ட பிள்ளை, வீட்டில் எவ்வளவு பணம் என்ற மூன்றையும் விசாரிக்காமல் சொல்லப்படும் யோசனை, நாடி பார்க்காமல் கொடுக்கப்படும் மருந்தைப் போன்றது.

ஒரு காலத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவர் என்றால் தோட்டத்தில் தனி மரியாதை. ஆபீசில் கிராணி வேலை காத்திருக்கும். லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு கிடைக்கும். பட்டதாரி என்பவரை அந்நாளில் தோட்டத்து மக்கள் பலர் கண்ணால் கண்டதே கிடையாது. 1949-இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர்ப் பிரிவு 1962-இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1969-இல் பினாங்கில் இன்னொன்று திறக்கப்படும் வரை இந்நாட்டில் பல்கலைக்கழகம் என்றால் அது ஒன்றுதான். இன்றோ அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் மட்டும் 20. தனியார் கல்லூரிகள் கடைவீதிக்குக் கடைவீதி. அன்று ஊருக்கு ஒருவர்கூட இல்லாத பட்டதாரி, இன்று வீட்டு வரிசைக்கு ஒருவர் இருக்கிறார். நல்ல காரியம்தான். ஆனால் அரிதாக இருந்தபோது அந்தக் காகிதத்துக்கு இருந்த விலை, ஏராளமாக வந்த பிறகும் அப்படியே இருக்குமா?

புள்ளிவிவரத் துறை அவ்வப்போது வெளியிடும் கணக்கைப் பாருங்கள். உயர்கல்வி முடித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், தங்கள் படிப்புக்குக் குறைந்த வேலையில்தான் இருக்கிறார்கள் என்று அண்மைய ஆண்டுகளில் அது தொடர்ந்து சொல்லி வருகிறது. அவர்கள் வேலையில்லாதவர்கள் அல்லர், வேலை இருக்கிறது. பேரங்காடியில் கல்லாப்பெட்டியில் இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகிறார்கள். அந்த வேலைகள் கேவலமானவை என்று நான் சொல்லவில்லை. அவற்றைச் செய்ய நான்கு ஆண்டுப் படிப்பும், அதற்காக வாங்கிய கடனும் தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

அதற்காகப் பட்டமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுவதா? அதுவும் அவசரப் புத்திதான்.

பட்டம் இன்றி வாசலே திறக்காத தொழில்கள்

மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் ஆகியோருக்குப் பட்டம் சட்டப்படி தேவை. இருபது வருடம் டிரெசர் அறையில் ஊசி போட்டுப் பழகியவரானாலும் மருத்துவராகப் பதிந்துகொள்ள முடியாது. இதில் வாதத்துக்கே இடமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் தொழில்களிலும் பட்டம் மட்டும் போதுமென்று யாரும் விட்டுவிடவில்லை. மருத்துவப் பட்டம் பெற்றவர் 2 ஆண்டுகள் ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவராக இரவும் பகலும் ஓட வேண்டும். சட்டம் படித்தவர் 9 மாதங்கள் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் கீழ்ப் பழக வேண்டும். பொறியியல் பட்டதாரி தம்மை முழுமையான தொழில்முறைப் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும், அதன்பின் ஒரு மதிப்பீட்டில் தேர்ச்சியும் வேண்டும். ஆக, மிகப் பெரிய படிப்புகளே அனுபவத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகின்றன.

அரசாங்க வேலையின் கதை வேறு. அங்கே சான்றிதழ்தான் நீங்கள் எந்த ஏணியில் ஏறுகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. 2024 டிசம்பரில் நடப்புக்கு வந்த புதிய சம்பளத் திட்டத்தில் எஸ்.பி.எம். தகுதியோடு சேருகிறவர் 1-ஆம் கிரேடில் தொடங்குகிறார், டிப்ளோமா பெற்றவர் 5-இல், பட்டதாரி 9-இல். முதல் ஏணியில் தொடங்கியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மூன்றாவது ஏணிக்குத் தாவுவது எளிதன்று. ஆசிரியர் தொழிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் எம்.சி.இ. தேறியவர்கள் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ச் சான்றிதழோடு தமிழ்ப்பள்ளிக்கு வந்தார்கள். நம்மில் பலருக்கு அகரம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். இன்று அதே வகுப்பறைக்குப் புதிதாக வரும் ஆசிரியர், ஆசிரியர் கல்விக் கழகத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டே வருகிறார். உங்கள் மகள் ஆசிரியையாக வேண்டும் என்று ஆசைப்பட்டால், "முதலில் வேலைக்குப் போ, பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிக் காலத்தைக் கடத்தாதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு கல் இருக்கிறது. அதுதான் எஸ்.பி.எம். சான்றிதழ். மலாய்மொழியில் தேறாவிட்டால் அந்தச் சான்றிதழே கிடையாது. 2013 முதல் வரலாற்றுப் பாடத்திலும் தேறியாக வேண்டும். மற்ற எட்டுப் பாடங்களில் நல்ல புள்ளி வாங்கிவிட்டு வரலாற்றில் கோட்டைவிட்டதால் வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைகள் உண்டு. அப்படி உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், பட்டமா அனுபவமா என்ற பட்டிமன்றத்தைத் தள்ளி வையுங்கள். மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் மறுதேர்வு இருக்கிறது. முதலில் அதை எழுத வையுங்கள். கைத்தொழில் பக்கம் போனாலும்கூட பின்னால் இந்தக் காகிதத்தை யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

பாய்லர் அறைக்குள் ஒரு நடை

இனி, அனுபவம் என்றால் என்ன என்று பார்ப்போம். இதைப் பேச எனக்குத் தெரிந்து செம்பனை ஆலையின் பாய்லர் அறையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அறுத்த செம்பனைக் குலை காத்திருக்காது. ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய் ஆவியில் வெந்தாக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் புளிப்பு ஏறித் தரம் கெட்டுவிடும். ஆகவே குலை மிகுந்து வரும் மாதங்களில் ஆலை இரவெல்லாம் ஓடும். அந்த ஆலைக்கு உயிர் பாய்லர். குலையிலிருந்து பிரித்த நாரும் கொட்டை ஓடுமே அதற்கு விறகு. அதில் உண்டாகும் ஆவிதான் குலையை வேக வைக்கிறது. மின்சாரம் எடுக்கும் டர்பைனைச் சுற்றுவதும் அதே ஆவிதான்.

அந்தப் பாய்லர் முன்னே பத்து வருடம் நின்ற ஒருவரைப் பாருங்கள். புகைபோக்கியில் வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே நெருப்பு சரியாக எரிகிறதா, நார் ஈரமாக வந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். மட்டம் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால் என்ன செய்யக்கூடாது என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் பதற்றத்தில் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டால் பாய்லர் வெடித்து ஆள்கள் சாகலாம். கல்லூரியிலிருந்து நேற்று வந்த பொறியியல் பட்டதாரி ஆவியின் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுவார். ஆனால் நடுநிசியில் ஏதோ ஒரு சத்தம் மாறுகிறதே, அது என்ன என்று கேட்டால் இவர் முகத்தைத்தான் பார்ப்பார்.

சரி, அப்படியானால் பாய்லர்காரர்தான் உயர்ந்தவரா? சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பாய்லர் ஓடும்போது தகுதிச் சான்றிதழ் பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக இருந்தாக வேண்டும். நீராவி என்ஜின் டிரைவர் என்று அதற்குப் பெயர். அதில் இரண்டாம் கிரேடும் உண்டு, முதல் கிரேடும் உண்டு. தேர்வு நடத்துவது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. பாய்லரில் இவ்வளவு காலம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற விதி இருப்பதால், அனுபவம் இல்லாதவர் அந்தத் தேர்வில் உட்காரவே முடியாது. பத்து வருடம் நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தேர்வு எழுதாதவர் கடைசிவரை நார் தள்ளும் ஆளாகவே இருப்பார். அவருக்குப் பின்னால் வந்து தேர்வு எழுதியவர் அவருக்கே மேலாளாக வந்து நிற்பார். இந்தக் கொடுமை நம்மவர்களுக்கு நிறையவே நேர்ந்திருக்கிறது. "எனக்குத் தெரியாததா இவனுக்குத் தெரியும்?" என்று புலம்பிப் பயனில்லை. தெரியும் என்பது வேறு. தெரியும் என்று எழுதிக் கொடுத்திருப்பது வேறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே ஆலையில் நீராவிப் பொறியியலாளர் என்று மேலே ஒரு சான்றிதழ் இருக்கிறது. பொறியியல் பட்டம் உள்ளவர்கூட பாய்லரில் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய பிறகே அந்தத் தேர்வை எழுத முடியும். பட்டம் அவருக்கு வழியைச் சுருக்கிக் கொடுக்கிறது. நடக்காமலே ஊர் சேர்த்துவிடுவதில்லை.

மின்சார வேலையும் அப்படித்தான். நம் பையன்கள் பலர் பதினெட்டு வயதில் கான்டிராக்டர் ஒருவரோடு கம்பி இழுக்கப் போகிறார்கள். ஐந்தாறு வருடத்தில் வீட்டுக்கு வயரிங் செய்வது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எரிசக்தி ஆணையம் கொடுக்கும் வயர்மேன் சான்றிதழ் இல்லாமல் அந்த வேலையைத் தம் பெயரில் செய்து கையெழுத்திட முடியாது. சிங்கிள் பேஸுக்கு ஒரு வகை, திரீ பேஸுக்கு ஒரு வகை. தொழிற்சாலை மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜ்மேனுக்கு வேறு வகைகள். கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், வியர்வை சிந்துகிறவர் ஒருவர் என்று பங்கு பிரிந்துவிட்டால் பணம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவும் வேண்டுமா?

செக்கு மாட்டு அனுபவம்

எல்லா அனுபவமும் அனுபவம் ஆகாது. செக்கைச் சுற்றும் மாடு நாள் முழுக்க நடக்கிறது. எந்த ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை.

1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது முதல் நம் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். அந்தச் சம்பளத்தில் தம்பிமார் படித்தார்கள். தங்கைமாருக்குத் திருமணம் நடந்தது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஒரே பெஞ்சில் ஒரே துண்டை ஒட்டிக்கொண்டு பதினைந்து வருடம் இருந்தவர், ஆலை மூடிய அன்று அடுத்த இடத்தில் புது ஆளாகத்தான் தொடங்க நேர்ந்தது. பால்மரம் சீவிய நம் பாட்டிமாரின் கைத்திறன் சாதாரணமானதா? பட்டையில் காயம் படாமல் மயிரிழை கனத்துக்குச் சீவுவது ஒரு கலை. தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அந்தக் கலையை வாங்குவதற்கு ஆள் இல்லை.

ஆகையால் பிள்ளை வேலைக்குப் போகிறான் என்றால், சம்பளம் எவ்வளவு என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். இரண்டு வருடம் கழித்து இன்று தெரியாத எது அவனுக்குத் தெரிந்திருக்கும்? "அதே வேலைதான்" என்று பதில் வந்தால் கவனமாக இருங்கள். இப்போது பொட்டலம் கொண்டு போகும் வேலையில் மாதம் நல்ல காசு பார்க்கும் பையன்கள் இருக்கிறார்கள். இருபது வயதில் கையில் காசு புரளும். நாற்பது வயதில் முதுகு வலிக்கும்போது அந்த வேலை அவர்களுக்கு எதைக் கற்றுக் கொடுத்திருக்கும்?

பெரும் பணக்காரர்களை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. கெந்திங் மலையை உருவாக்கிய லிம் கோ தோங் என்ன பட்டம் படித்தார் என்று கேட்பார்கள். உண்மைதான். இளவயதிலேயே பள்ளியை விட்டவர், 1937-இல் சீனாவிலிருந்து இங்கே வந்து தச்சு வேலையிலும் குத்தகை வேலையிலும் தொடங்கி, 1965-இல் அந்த மலையில் கைவைத்தார். ஆனால் அவர் தம் மகனை என்ன செய்தார்? லண்டனுக்கு அனுப்பிப் பொறியியல் பட்டம் படிக்க வைத்தார். உதாரணம் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியை ஏனோ சொல்வதில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரே வீட்டில் இரண்டு பையன்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவன் பி.டி.பி.டி.என். கடனில் நான்கு ஆண்டுகள் படிக்கிறான். கடன் 40,000 வெள்ளி என்று கொள்வோம். இளையவன் குறைந்தபட்சச் சம்பளத்தில் வேலைக்குப் போகிறான். 2025 பிப்ரவரி முதல் அது மாதம் 1,700 வெள்ளி. நான்கு ஆண்டுகளில் அவன் சம்பாத்தியம் 81,600 வெள்ளி. அதற்கு மேல் சேமநிதியில் முதலாளி போடும் பங்கு வேறு, பத்தாயிரத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். மூத்தவன் பட்டமளிப்பு அங்கி போடும் நாளில் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே உள்ள தூரம் 1,20,000 வெள்ளிக்கு மேல்.

அண்ணனுக்குத் தம்பியைவிட மாதம் 1,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தாலும் இந்தத் தூரத்தை ஓடிக் கடக்கப் பத்து வருடம் ஆகும். 2,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தால் ஐந்து வருடம். அவனும் 1,700 வெள்ளி வேலையிலேயே உட்கார்ந்தால், ஒருநாளும் கடக்க முடியாது. ஆகவே எந்தப் படிப்பு, அதை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரிக்காமல் "ஏதோ ஒரு டிகிரி" என்று சேர்த்துவிடுவது சூதாட்டம். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துப் போடுவதற்கு இவ்வளவு செலவு தேவையா?

ஆனால் கணக்கை அதோடு நிறுத்துவதும் தவறு. தம்பியின் சம்பளம் பத்து வருடம் கழித்து எங்கே நிற்கிறது? அவன் பாய்லர்காரரைப் போல் தேர்வு எழுதினானா, செக்கைச் சுற்றினானா? உடம்பால் செய்யும் வேலைக்கு ஐம்பது வயதில் மதிப்புக் குறைகிறது. பட்டம் கேட்கும் வேலையில் பெரும்பாலும் அந்த வயதில்தான் பதவி கூடுகிறது. நீண்ட ஓட்டத்தில் அண்ணன் முந்துவதற்கு நிறைய இடம் இருக்கிறது, அவன் சரியான படிப்பைப் படித்திருந்தால்.

எல்லாவற்றிலும் மோசமானது இரண்டுங்கெட்டான் நிலை. இரண்டு வருடம் கல்லூரிக்குப் போய்விட்டுப் பாதியில் நிறுத்தியவனுக்குப் பட்டமும் இல்லை, அனுபவமும் இல்லை. கடன் மட்டும் உண்டு. படிப்பில் நாட்டமே இல்லாத பிள்ளையை அக்கம்பக்கத்துக்காகக் கல்லூரிக்குத் தள்ளுகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணத்தைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பிள்ளையின் படிப்புக்காகச் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2024 மே மாதம் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகும் அந்த வசதி இருக்கிறது. எடுக்கலாம். ஆனால் அந்தப் பணம் வயதான காலத்தில் உங்கள் மருந்துச் செலவு. உங்கள் வீட்டுக் கூரை. கட்டுமுன் அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எம்.கியூ.ஏ. என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். 2007 முதல் இயங்கி வரும் அந்த அமைப்பின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது. நீங்கள் சேரப்போகும் அதே படிப்பின் பெயர் இருக்க வேண்டும். பளபளப்பான விளம்பரத் தாளை நீட்டி "அடுத்த மாதம் அங்கீகாரம் வந்துவிடும்" என்று சொல்லும் இடத்தில் ஒரு காசும் கட்டாதீர்கள்.

இரண்டையும் சேர்த்துக் கட்டும் வழிகள்

நம்மவர்களில் பலருக்கு இன்னும் சரியாகத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். படிப்பா, வேலையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றது போயிற்று என்ற காலம் முடிந்துவிட்டது.

முதலில் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். முன்பு எம்.எல்.வி.கே. சான்றிதழ் என்று சொல்வோமே, அதன் வழித்தோன்றல். மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை அதை வழங்குகிறது. மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்தும் இதைப் பெறலாம். எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தும் பெறலாம். இதில் காலத்தின் பெரும்பகுதி வேலையிடத்தில், மீதி வகுப்பறையில். பழைய காலத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றார்களே, அதே முறைதான். ஆனால் முடிவில் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும்.

மூன்றாவது வழிதான் நடுத்தர வயதினருக்கு வரப்பிரசாதம். அதற்குப் பி.பி.டி. என்று பெயர், முன்பே அடைந்த திறனை அங்கீகரிப்பது என்று பொருள். பதினைந்து வருடம் வெல்டிங் செய்தவர் மீண்டும் வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. தாம் செய்த வேலைகளின் படங்கள், முதலாளி கொடுத்த கடிதங்கள், வேலைச் சீட்டுகள் ஆகியவற்றைக் கோப்பாகத் தொகுத்துக் கொடுத்தால், நியமிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் அதைப் பரிசோதித்து, தகுதி இருந்தால் சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வார்.

பட்டத்துக்கே போக நினைப்பவர்களுக்கு அப்பெல் என்ற வழி இருக்கிறது. எஸ்.டி.பி.எம். இல்லை, டிப்ளோமா இல்லை. ஆனால் துறையில் அனுபவம் இருக்கிறது. அப்படிப்பட்டவர் 21 வயதைத் தாண்டியிருந்தால் திறனறி தேர்வும் அனுபவக் கோப்பும் கொடுத்து, பட்டப்படிப்பில் சேரும் தகுதியைப் பெறலாம். டிப்ளோமாவுக்கு 20 வயது போதும். வேலையில் கற்றதற்கே சில பாடங்களில் விலக்குத் தரும் ஏற்பாடும் உண்டு. மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகம், பினாங்கின் வாவாசான் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் போன்றவை வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக ஏற்பட்டவை. தொழிற்சபைகளின் கட்டுப்பாட்டில் உள்ள படிப்புகளுக்கு இந்த வழி பொருந்துமா என்பதைச் சேருமுன் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

இது யாருக்கு அவசரம் தெரியுமா? நம் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு. தோட்டத்துப் பாலர் பள்ளியில் இருபது வருடமாகப் பாட்டும் கதையும் சொல்லிக் கொடுத்து வரும் அம்மாமார்கள் எத்தனை பேர்! பிள்ளை அழுதால் எப்படித் தேற்றுவது, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் எப்போது பென்சில் கொடுப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. ஆனால் 2013 முதல் 2025 வரைக்குமான கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியர்களிடம் குறைந்தது டிப்ளோமா இருக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்தது. கையில் டிப்ளோமாவோடு வரும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இடம் கிடைத்து, இவர்கள் ஒதுக்கப்பட்டால் நியாயமா? நியாயமில்லைதான். ஆனால் நியாயம் பேசிக்கொண்டிருப்பதைவிட அந்த அம்மாவை அப்பெல் வழியாக டிப்ளோமாவில் சேர்த்துவிடுவது பயனுள்ள காரியம். வயதாகிவிட்டது என்று வெட்கப்பட வேண்டியதில்லை. மகளும் தாயும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தால் என்ன கெட்டுப் போய்விடும்?

ஜொகூர் பாலத்தைக் கடந்து போய்ச் சம்பாதிப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்யப் பட்டம் தேவையில்லை. ஆனால் உயர்ந்த வேலைகளுக்குரிய எம்ப்ளாய்மெண்ட் பாஸ், 2023 செப்டம்பர் முதல் புள்ளிக் கணக்கில் பரிசீலிக்கப்படுகிறது. கல்வித் தகுதிக்கும் அதில் புள்ளிகள் உண்டு. சம்பளம் பெரிது என்று ஐந்தாம் படிவத்தோடு பாலம் ஏறிய பையன் எத்தனை வருடம் உழைத்தாலும் அந்தப் புள்ளி தானாக வராது.

மேலே சொன்ன வழிகள் எல்லாவற்றுக்கும் வேண்டிய ஒரே மூலப்பொருள் அத்தாட்சி. நம்மவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். வேலையை விட்டு வரும்போது சண்டை போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். கடிதம் வாங்க மாட்டார்கள். தோட்டம் கைமாறும், ஆலை மூடப்படும், கான்டிராக்டர் கடையைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். பத்து வருடம் கழித்து "நீங்கள் அங்கே என்ன வேலை செய்தீர்கள் என்பதற்குச் சான்று என்ன?" என்று கேட்டால் வாய்ச்சொல்லைத் தவிர வேறொன்றும் இராது. சேமநிதிக் கணக்கு நீங்கள் யாரிடம் எத்தனை மாதம் வேலை செய்தீர்கள் என்று மட்டும் காட்டும். என்ன வேலை செய்தீர்கள் என்று காட்டாது.

ஆகவே இன்று வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த கடிதம், சம்பள உயர்வுக் கடிதம், பயிற்சிக்குப் போன சான்று, மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரு கோப்பில் தேதிவாரியாக அடுக்கி வைக்கட்டும். முடித்த வேலைகளைக் கைப்பேசியில் படம் பிடித்து, தேதியும் இடமும் எழுதி வைக்கட்டும். வேலையை விடுமுன் மேலாளரிடம், எந்தப் பதவியில், எந்த இயந்திரத்தில், எத்தனை காலம் பணியாற்றினார் என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, கம்பெனி முத்திரை குத்திய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கட்டும். ஆலை விற்கப்படப் போகிறது என்ற பேச்சு அடிபட ஆரம்பித்தாலே போதும். அந்த வாரமே ஆபீசுக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போடும் கிராணி அதுவரையில்தான் அங்கே இருப்பார்.